கொல்ல மறுத்தோர்க்கு ஒரு கல்

போர்க்களத்தில் மாண்டோர்க்குக் கல் நாட்டும் உலகம், கொல்ல மறுத்தோரை நினைக்கத் தயங்குகிறது. பிரித்தானியா 1916இல் இயற்றிய கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தில், மனச்சான்றின்படி மறுப்போர்க்கு விலக்கு இருந்தது. எனினும் தீர்ப்பாயங்கள் பலரைப் போரிடாப் படைப்பிரிவுக்கே அனுப்பின. அப்பணியும் போருக்குத் துணையே எனக் கருதிய பதினாறு பேர் ரிச்மண்ட் கோட்டையில் சிறையுண்டு, பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். குவேக்கர், மெதடிஸ்ட் முதலிய சமய நெறியினரும் சமதர்மக் கொள்கையினரும் அவருள் இருந்தனர். அங்கே இவர்கள் உள்ளிட்ட 35 பேருக்கு மரண தண்டனை அறிவிக்கப்பட்டு, பத்தாண்டுக் கடுஞ்சிறையாகக் குறைக்கப்பட்டது. 1918ஆம் ஆண்டுச் சட்டமோ, மறுத்தோர் பலரின் வாக்குரிமையை ஐந்தாண்டுகளுக்குப் பறித்தது. லண்டன் டாவிஸ்டாக் சதுக்கத்தில், காந்தியடிகள் சிலை நிற்கும் அதே பூங்காவில், அத்தகையோர்க்கு நினைவுக்கல் எழுந்தது 1994இல்தான். ரிச்மண்ட் சிறையறைச் சுவர்களிலோ கைதிகள் பென்சிலால் எழுதியவை இன்றும் உள்ளன. நாடு மறந்திருந்த காலமெல்லாம் அச்சுவர்களே அவர்தம் நடுகல்லாய் நின்றன எனலாம்.