கிரகணமும் இறைவசனமும்

கி.பி. 632 ஜனவரி 27 அன்று மதீனாவில் சூரிய கிரகணம் தெரிந்திருக்கிறது என்கிறது வானியல் கணக்கு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பால்குடி மறக்காத மகன் இப்ராஹீம் இறந்தது அந்த கிரகண நாளில்தான் என்பார்கள். குழந்தைக்காகச் சூரியனே துக்கம் காட்டுகிறது என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். வேறொருவர் என்றால் பேசாமல் இருந்திருப்பார், பெருமைதானே! நாயகம் அவர்களோ, சூரியனும் சந்திரனும் யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் மறைவதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகள், கிரகணத்தைக் கண்டால் தொழுங்கள் என்று அறிவித்துவிட்டார்கள்.

பிற்காலத்தில் இந்த ஹதீஸை வைத்தே சிலர் வானியலாரோடு மல்லுக்கு நின்றார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095-இல் எழுதி முடித்த ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ தத்துவவாதிகளைப் பிய்த்து எறிகிற நூல். ஆனால் அதன் முன்னுரையில் கிரகணத்தைப் பற்றி என்ன சொல்கிறார் தெரியுமா? சூரியனுக்கும் நமக்கும் நடுவே சந்திரன் வருவது கணிதத்தால் நிறுவப்பட்ட விஷயம். மார்க்கத்தின் பேரால் அதை மறுப்பவர் மார்க்கத்துக்கே கெடுதல் செய்கிறார். ஏனென்றால் கேட்பவனுக்குக் கணக்கின் மேல் சந்தேகம் வராது, மார்க்கத்தின் மேல்தான் வரும் என்கிறார். 900 வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது.

நம் காலத்தில் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. மறுப்பது போய், எல்லாம் அன்றே சொல்லியாச்சு என்பது வந்துவிட்டது. பிரெஞ்சு டாக்டர் மோரிஸ் புகாயில் 1976-இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு இது வேகம் பிடித்தது. 51-வது அத்தியாயம் 47-வது வசனத்தில் ‘மூஸிஊன்’ என்றொரு சொல். இன்று பலர் அதற்குப் ‘பிரபஞ்சத்தை விரிவாக்குகிறோம்’ என்று பொருள் சொல்லி, 1929-இல் ஹப்பிள் கண்டதோடு சேர்க்கிறார்கள். 923-இல் காலமான தபரி அதை ‘ஆற்றல் உடையோர்’ என்ற பொருளில் விளக்கினார். இப்னு கஸீர், வானத்தை விசாலமாக ஆக்கியதைச் சொன்னார். அரபியில் கரைகண்ட அவர்களுக்கா மொழி தெரியாது?

21:30-ஐயும் பாருங்கள். வானமும் பூமியும் ஒன்றாயிருந்து பிரிக்கப்பட்டன என்பதைப் பெருவெடிப்பு என்கிறார்கள். பெருவெடிப்பு நடந்து சுமார் 1380 கோடி வருஷம் ஆகிறது. பூமிக்கு வயது சுமார் 454 கோடிதான். இடையிலுள்ள 900 கோடி சொச்சத்தை என்ன செய்வது? மழையில்லாத வானம் மழைக்காகவும், விளைச்சலில்லாத பூமி பயிருக்காகவும் திறக்கப்பட்டன என்று பழைய விரிவுரைகளில் ஒரு விளக்கம் இருக்கிறது. எனக்கு அது எவ்வளவோ அழகாகப் படுகிறது.

விஞ்ஞானக் கொள்கை வாடகை வீடு மாதிரி, தம்பிகளே. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற ‘நிலைத்த நிலை’க் கொள்கை 1948-இல் வந்து பெரிய பெரிய ஆட்களையே இழுத்தது. 1965-இல் பென்சியாஸும் வில்சனும் விண்வெளியெங்கும் பரவிய நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்ததை வெளியிட்டதும் அது செல்வாக்கிழந்தது. நடுவில் யாராவது வசனத்தை அதில் கட்டியிருந்தால்? விரியும் பிரபஞ்சத்தை 1927-இலேயே எழுதிய லெமைத்ர் ஒரு பாதிரியார். 1951-இல் போப் 12-ம் பயஸ் அதைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது அவருக்கே அது பிடிக்கவில்லை.

1979-இல் நோபல் பெற்ற அப்துஸ் ஸலாம் விருந்து மேடையில், வானத்தில் குறை தெரிகிறதா, மறுபடியும் பார் என்று கேட்கும் 67-வது அத்தியாய வசனங்களை எடுத்துச் சொன்னார். (அவர் சார்ந்த அஹ்மதியா பிரிவைப் பற்றிய வழக்கு தனி, இங்கே வேண்டாம்.) அந்த வசனங்களிலிருந்து அவர் சமன்பாடு எதையும் எடுக்கவில்லை, திரும்பத் திரும்பப் பார்க்கிற துணிவை எடுத்துக்கொண்டார். அவரோடு பரிசைப் பகிர்ந்த வைன்பெர்க் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இருவரும் தனித்தனியே வேலை செய்து ஒரே கொள்கைக்கு வந்து சேர்ந்தார்கள். தம் நம்பிக்கையும் அவருடைய நம்பிக்கையின்மையும் அந்தக் கணக்கில் எந்த வித்தியாசமும் செய்யவில்லை என்று ஸலாமே பின்னாளில் எழுதினார்.