புள்ளிக்கோப்பு

புள்ளிக்கோப்பு என்பது யுனிக்சு மற்றும் அதனையொத்த இயக்குதளங்களில் பயனரின் தனிப்பட்ட அமைப்புகளைச் சேமிக்கும், பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்பு ஆகும். இவை பெரும்பாலும் பயனரின் இல்ல அடைவில் இருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை இவற்றை இயல்பாகக் காட்டுவதில்லை.

தோற்றம்

நடப்பு அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் மேலடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் பட்டியலில் மறைப்பதற்காகத் தொடக்ககால யுனிக்சில் பெயரின் முதல் எழுத்து மட்டும் சோதிக்கப்பட்டது. இதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் மறைந்தன என ராப் பைக் 2012இல் விளக்கினார்.

ஷெல் படிக்கும் வரிசை

பிரையன் பாக்சு 1989இல் குனூ திட்டத்திற்காக வெளியிட்ட பாஷ் என்னும் ஷெல், உள்நுழைவின்போது பொதுக் கோப்பைப் படித்தபின் .பாஷ்_புரொஃபைல், .பாஷ்_லாகின், .புரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும். உள்நுழைவு அல்லாத ஊடாட்ட ஷெல் .பாஷ்ஆர்சி கோப்பைப் படிக்கும்.

டெபியனில் .புரொஃபைல் கோப்பே .பாஷ்ஆர்சியை அழைக்கிறது. ஆகவே பயனர் புதிதாக .பாஷ்_புரொஃபைல் ஒன்றை உருவாக்கினால், உள்நுழைவு ஷெல்லில் ஏனைய இரண்டும் படிக்கப்படாமல் போகும். புதிய கோப்பிலிருந்து பழையதை அழைப்பதே இதற்குத் தீர்வு.

தமிழ்ச் சூழல்

சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்சு, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் வழி இயக்குதளங்களில் புதிய பயனர் கணக்கு உருவாகும்போது ஸ்கெல் என்னும் அடைவிலுள்ள மாதிரிக் கோப்புகள் நகலெடுக்கப்படுகின்றன. கல்லூரி ஆய்வகங்களில் பொது அமைப்புகளை இங்கு வைக்கலாம். பின்னர் செய்யும் மாற்றங்கள் பழைய கணக்குகளைப் பாதிக்கா.

.புரொஃபைலில் மொழி மாறியைத் தமிழ்-இந்தியா என அமைத்தால் நாள், மாதப் பெயர்கள் தமிழில் தோன்றும். ஆங்கில வெளியீட்டை எதிர்பார்க்கும் நிரல்கள் அப்போது பிழைபடக்கூடும். அவற்றுள் மொழியைத் தனியே வரையறுக்க வேண்டும்.

ஒழுங்குபடுத்தல்

* சூழல் மாறிகளை .புரொஃபைலிலும், மாற்றுப்பெயர்களையும் தூண்டு குறியையும் .பாஷ்ஆர்சியிலும் வைத்தல்.
* கோப்புகளை ஓர் அடைவில் திரட்டி, இல்ல அடைவிலிருந்து குறியீட்டு இணைப்புகள் கொடுத்தல். குனூ ஸ்டவ் இதற்கு உதவுகிறது.
* கிட் மூலம் மாற்றங்களைப் பதிவு செய்தல்.

பாதுகாப்பு

கடவுச்சொற்களையும் மறைத்திறவுகளையும் கொண்ட கோப்புகளைப் பொதுக் களஞ்சியத்தில் இடலாகாது. ஒருமுறை பதிவானவை, பின்னர் நீக்கினாலும், கிட் வரலாற்றில் எஞ்சியிருக்கும். அவ்வாறு வெளியான கடவுச்சொல்லை உடனே மாற்றுவது இன்றியமையாதது.