என்ன பெட்?

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் போனால், ஏதாவதொரு காலி மனையில் டென்னிஸ் பால் கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும். எதிர் டீம் வந்து இறங்கியதும் முதல் கேள்வி டாஸ் பற்றி இருக்காது. 'என்ன பெட்?' என்பதுதான்.

பால் பெட் என்றால், தோற்ற டீம் புதுப் பந்து வாங்கித் தரவேண்டும். காசு பெட் என்றால், தலைக்கு இவ்வளவு என்று இரண்டு டீமும் போட்டு, பொதுவான ஓர் ஆளிடம் கொடுத்து வைக்கவேண்டும். ஏரியாவில் மூத்த அண்ணன் யாராவது இருப்பார். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. 'அண்ணன்கிட்ட குடுத்தாச்சு.' அவ்வளவுதான் டாக்குமென்ட்.

சரி, அந்த அண்ணன் மேட்ச் முடிவதற்குள் காசோடு பஸ் ஏறிவிட்டால்? ஜெயித்த டீம் கோர்ட்டுக்குப் போகலாமா?

ம்ஹும். 1872-லேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30. பி.காம். படித்தவர்கள் மெர்க்கன்டைல் லா பேப்பருக்காக உருப்போட்டிருப்பார்கள். பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் ஜெயித்த பணம் என்று சொல்லி வழக்குப் போட முடியாது. ஆட்டத்தின் முடிவுக்காக நடு ஆளிடம் கொடுத்து வைத்த பணத்துக்கும் அதே கதி. (தானே இறங்கி ஆடும் ஆட்டத்தில் போட்ட காசு பந்தயமா, பரிசா என்று வக்கீல்கள் வாதாடலாம். வேடிக்கை பார்க்கிறவர் கட்டிய காசில் அந்தச் சந்தேகமே இல்லை.)

கவனியுங்கள். செல்லாது என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. குற்றம் என்று சொல்லவில்லை. 1959-ல் கெருலால் பராக் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. எது குற்றம் என்று சொல்வது வேறு சட்டங்களின் வேலை. ஒப்பந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் பெட் கட்டலாம். எதிராளி கொடுக்காவிட்டால் எங்களிடம் வராதீர்கள்!

இந்தச் சட்டத்தின் பூர்வகதை சுவாரசியமானது. அதில் கிரிக்கெட் இல்லை, குதிரை இல்லை. அபின் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் அபின் ஏகபோகமாக இருந்த காலம். பாட்னா அபின் கல்கத்தாவில் அரசாங்க ஏலத்துக்கு வரும். ஏலத்தில் சராசரி விலை என்ன போகும் என்பதன் மேல் பம்பாய் வியாபாரிகள் பந்தயம் கட்டுவார்கள். ஒரு பெட்டி அபினைக்கூடக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. தந்தி வராத காலம். கல்கத்தா விலை தபாலில் வந்து சேரும்வரை பம்பாயில் தூக்கம் போயிருக்கும்.

அப்படி ஒரு பந்தயத்தில் தோற்றவர் தரப்பு பணம் தர மறுக்க, விவகாரம் கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ராம்லால் தாக்கூர்சிதாஸ் வழக்கு. இங்கிலாந்தில் பந்தயக் கடன் செல்லாது என்று 1845-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் இந்தியாவுக்குப் பொருந்தாது. ஆகவே, இங்கே கட்டிய பந்தயம் செல்லும் என்று 1848-ல் தீர்ப்பாகிவிட்டது. லண்டனில் வராக்கடன், பம்பாயில் வசூல்! அதே 1848-ல் கல்கத்தா அரசு இந்தியாவுக்கும் ஒரு சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தது. பிரிவு 30 அதன் வாரிசு.

பந்தயம் கட்டுகிறவர்கள் சும்மா இருந்தார்களா? கல்கத்தாவில் மழை மேல் கட்டினார்கள். மொட்டை மாடியில் விழும் மழை குழாய் வழியே கொட்டுமா, கொட்டாதா? அதற்கும் 1897-ல் வங்காளத்தில் மழைச் சூதாட்டத் தடைச் சட்டம் என்று தனியாக ஒன்று போட வேண்டியிருந்தது. டிசம்பரில் நம்மூரில் புயல் எங்கே கரை கடக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்கத்தாக்காரர்கள் ஞாபகம்தான் வரும்.

இந்த 'பெட்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் 16-ம் நூற்றாண்டின் கடைசியில் தலை காட்டுகிறது. சொல்லாராய்ச்சிக்காரர்களில் பலருடைய யூகம், இது 'அபெட்' என்ற சொல்லின் தலை வெட்டிய வடிவம் என்பது. அபெட் என்றால் தூண்டிவிடுவது. போலீஸ் எஃப்.ஐ.ஆரில் 'அபெட்மென்ட்' என்று வருமே, அதேதான். சென்னைத் தமிழில் சொன்னால், உசுப்பேத்துவது.

யூகம்தான். ஆனால் பொருத்தமாக இருக்கிறதல்லவா? 'அடிச்சுடுவியா? என்ன பெட்?' என்பதில் கேள்வியைவிட உசுப்பல்தானே அதிகம்!

நம்மவர்களுக்கு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், இங்கே ஏற்கெனவே இடம் தயாராக இருந்தது. பணயம் என்ற சொல் இருக்கிறது. தருமன் நாட்டையும் தம்பிகளையும் பாஞ்சாலியையும் வைத்தது அதில்தான். வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார், 94-வது. சூதாடும் இடத்துக்கு அவர் சொல்லும் பெயர் கழகம். (சிரிக்கவேண்டாம். சொற்களுக்கும் வாழ்க்கையில் ஏற்ற இறக்கம் உண்டு.) ஆனால் பேச்சில் நாம் வைக்கிற பெட் பெரும்பாலும் காசு சம்பந்தப்பட்டதே இல்லை. 'அவன் மட்டும் வந்துட்டான்னா பாதி மீசையை எடுத்துக்கறேன்.' 'என் பேரை மாத்திக்கறேன்.' 'மொட்டை போட்டுக்கறேன், என்ன பெட்?' இதற்கு அர்த்தம், நான் சொல்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்பதுதான். அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேர் மீசையை எடுத்தார்கள் என்பது வேறு விஷயம். இப்போது வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் 'பெட்' என்று ஒற்றை வார்த்தை போட்டால், 'சரி, டன்' என்று அர்த்தம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து கிளம்பி வந்த வழக்கு.

சட்டத்துக்கு வருவோம். பிரிவு 30-ல் ஒரு சின்ன சலுகை உண்டு. குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவருக்குத் தரும் 500 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட பரிசுக்குச் சந்தா போட்டால், அந்த ஒப்பந்தம் செல்லும். குதிரை துரைமார்களின் பொழுதுபோக்கு அல்லவா!

கிண்டி அந்தச் சலுகையின் ஊர். 18-ம் நூற்றாண்டிலேயே அங்கே குதிரைகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஜாக்பாட், டிப்ஸ், புக்கி எல்லாம் அங்கே புழங்கி வீட்டுப் பேச்சுக்கு வந்த சொற்கள். கூடவே, கிண்டிக்குப் போய்க் குடும்பத்தைத் தொலைத்தவர் கதையும் வந்தது. 1974-ல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு ரேஸ் கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் போட்டது. எதிரும் புதிருமான இரண்டு பேர் ஒரே பக்கம் நின்ற அபூர்வ விஷயம்.

கேஸ் நடந்தது, நடந்தது, 1996 ஜனவரி வரை நடந்தது. லட்சுமணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: குதிரையின் வம்சம், பயிற்சி, சுமக்கும் எடை, ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் எடைபோட்டுக் கட்டுவதால் இது அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல, திறமை ஆட்டம். ஆகவே சூதாட்டம் இல்லை. கிளப் தப்பித்தது. (இடம் தப்பிக்கவில்லை. ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகையில் இருந்த 160 ஏக்கரின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்தது.)

அந்த 'திறமை' என்ற ஒரு சொல்தான் பிறகு செல்போனுக்குள் புகுந்தது. ரம்மி திறமை ஆட்டம் என்று 1968-லேயே இன்னொரு தீர்ப்பு இருந்தது. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு ஆப்கள் வந்தன. அவற்றின் விளம்பரங்களில் பெட் என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? கிடைத்திருக்காது. 'விளையாடு' என்றார்கள். 'கான்டெஸ்ட்' என்றார்கள். சொன்னவர் கிரிக்கெட் வீரர் அல்லது சினிமா நடிகர். காலி மனையில் உசுப்பேத்துகிறவன் எதிரே நிற்பான்; தோற்றால் அவன் பாக்கெட்டிலிருந்தும் காசு போகும். இங்கே உசுப்பேத்தியவருக்குச் சம்பளம் கிடைத்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஆப்புக்குக் கமிஷன் போனது. சம்பளம் போய், நகை போய், லோன் ஆப்பில் கடன் வாங்கி, கடைசியில் தற்கொலை என்று தமிழ்நாட்டில் வரிசையாகச் செய்திகள் வந்தன.

2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் ஹைகோர்ட் ரத்து செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022-ல் புதுச் சட்டம், கவர்னர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே நவம்பரில் ஹைகோர்ட் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. காரணம்? அதே திறமை!

2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இந்தத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பட்டிமன்றத்தையே தூக்கிப் போட்டுவிட்டது. பணம் கட்டி, பணத்தை எதிர்பார்த்து ஆடினால், எந்த ஆட்டமானாலும் தடை. தமிழகச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. மத்தியச் சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை. விளம்பரம் செய்கிறவருக்கு, அதாவது நமது அபெட் ஆசாமிக்கு, 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.