நெஞ்சை நெரிக்கும் இசிவு

இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் குழாய்கள் முடியுரு நாடிகள் எனப்படும். இவற்றின் சுவரிலுள்ள தசை சில வேளைகளில் தானாகவே இறுகி, குழாயை ஒடுக்கிவிடும். சில நிமிடங்களின் பின் தளர்ந்தும்விடும். இத்தகைய இசிவு உண்டா, இல்லையா என்னும் வழக்கு வைத்திய உலகில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நடந்தது.

1768ஆம் ஆண்டு யூலை மாதம் இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியில் வில்லியம் ஹெபர்டன் என்பார் கட்டுரையொன்றை வாசித்தார். மேட்டில் ஏறும்போதும், உண்டபின் நடக்கும்போதும் மார்பை நெரிக்கும் நோ ஒன்று எழுகின்றது. நின்ற மாத்திரத்தே அது மறைகின்றது என்றார் அவர். இவ்வாறு வந்து மறையும் நோவு அழற்சியாக இருத்தல் இயலாது, இசிவின் இயல்பினதே என்பது அவர் துணிபு. எவ்வுறுப்பின் இசிவு என்பதை அவர் அறிந்திலர்.

அதனை ஊகித்தவர், பின்னாளில் அம்மைப்பால் கண்ட எட்வேட் ஜென்னர். இந்நோயால் மாண்டோரின் முடியுரு நாடிகள் தடித்து இறுகியிருத்தலை அவர் கண்டார். ஆயினும் தம் ஆசான் ஜோன் ஹன்ரருக்கும் அதே நோய் இருந்தமையால், அவர் மனம் நோகுமென்று அஞ்சி வெளியிடாது காத்தார். 1793இல் வைத்தியசாலைக் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தின் நடுவே ஹன்ரர் உயிர்நீத்தார். உடலைப் பிளந்து நோக்கியபோது ஜென்னரின் ஊகம் மெய்யாயிற்று. ஒரு மாணாக்கனின் அன்பு ஓர் உண்மையைப் பல்லாண்டு மறைத்து வைத்தது. அதனைக் குறைகூற யாருக்கு மனம் வரும்?

நோயின் காரணம் தெளிவுறுமுன்னரே மருந்து வந்துவிட்டது. 1867இல் எடின்பரோவில் லோடர் பிரன்ரன் என்னும் இருபத்துமூன்று வயது வைத்தியர், இரவில் நெஞ்சு நோவால் துடித்த ஒருவருக்கு அமைல் நைத்திரைற்றைத் துணியில் தெளித்து முகரக் கொடுத்தார். ஒரு நிமிடத்துள் முகம் சிவந்தது, நோவு நீங்கிற்று. 1879இல் வில்லியம் மரல், வெடிமருந்தாகிய நைத்திரோகிளிசரினைத் தம் நாவிலேயே இட்டுச் சோதித்துப் பின் நோயாளருக்குக் கொடுத்தார். அதே பொருளால் செல்வம் ஈட்டிய அல்பிரட் நோபலுக்கும் முதுமையில் வைத்தியர் அதனையே விதித்தனர். விதியின் நகைப்பு இது என 1896இல் அவர் நண்பருக்கு எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டில் இசிவுக் கொள்கை மங்கிற்று. இறந்தோர் உடலில் கொழுப்புப் படிவும் இரத்தக் கட்டியும் கண்ணுக்குத் தெரிந்தன. இசிவோ உயிருடன் கூடவே தளர்ந்து மறைந்துவிடுவது. பிணத்தை மட்டும் சாட்சியாகக் கொண்ட வழக்கில் அது தோற்றதில் வியப்பில்லை.

1959இல் அமெரிக்க வைத்தியர் மைரன் பிரின்ஸ்மெற்றல் அவ்வழக்கைத் திரும்ப எடுத்தார். உழைப்பின்போதன்றி ஓய்வின்போதே நோவுறும் நோயாளரை அவர் விவரித்தார். இருதய மின்வரைபிலே, வழக்கமாகத் தாழும் கோடு இவர்களிடத்து உயர்ந்தது. 1970களில் இத்தாலியின் பீசா நகரில் அற்றிலியோ மசேரி குழுவினர், நோவு எழும் வேளையிலேயே எக்ஸ்கதிர்ப் படம் பிடித்தனர். நாடி ஒடுங்குவதும் மருந்தால் மீண்டும் விரிவதும் கண்கூடாயின. யப்பானில் யசுவே என்பார், இவ்விசிவு நள்ளிரவு முதல் விடியற்காலை வரை மிகுதியென்றும், கல்சியம் தசைக்குள் புகுவதைத் தடுக்கும் மருந்துகள் அதனை நன்கு அடக்குமென்றும் காட்டினார்.

நாடியின் உட்சுவர் நைத்திரிக்கு ஒட்சைட்டைச் சுரந்து தசையைத் தளர்த்துகின்றது. அச்சுவர் பழுதுற்றால் சிறு தூண்டலும் இசிவாகும். இதனைப் பழுதாக்குவதில் புகைத்தல் முதன்மையானது. ஆகவே அதனை விடுவதே சிகிச்சையின் தொடக்கம். குளிரும் மன அதிர்ச்சியும் இசிவைத் தூண்டலாம். சாதாரண நெஞ்சு நோவுக்கு உதவும் புரொப்பிரனலோல் போன்ற மருந்துகள் இங்கே தீங்கு விளைக்கக்கூடும். நோயை இனங்காணுதல் உயிர்ப்பிரச்சினையாவது இதனாலேயே. நைத்திரிக்கு ஒட்சைட்டின் தொழிலைக் கண்ட அமெரிக்கர் மூவருக்கு 1998இல் வழங்கப்பட்டது நோபல் பரிசு. வெடிமருந்தில் ஈட்டிய அச்செல்வமே, அம்மருந்து நாடியை எவ்வாறு விரிக்கின்றது எனக் கூறியோரைச் சென்றடைந்தது.