கூஃபாவின் முறையீடும் நம் கையொப்பமும்

ஆள்வோர்மீது முறையிடும் உரிமையை மக்களாட்சிக் காலத்தின் புதுமையாகவே நம்மில் பலர் கருதுகிறோம். இஸ்லாமிய வரலாறு அதனை ஹிஜ்ரி 21ஆம் ஆண்டிலேயே காட்டுகிறது.

காதிஸிய்யாப் போரில் வென்ற தளபதி ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அப்போது கூஃபாவின் ஆளுநர். அவர்கள் தொழுகையைச் சரிவர நடத்துவதில்லை என்பது வரை கூஃபாவாசிகள் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் குறை கூறினர். சுவர்க்க நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவர் ஆயிற்றே என்று கலீஃபா அம்முறையீட்டைத் தள்ளிவிடவில்லை. ஸஅதைப் பதவியிலிருந்து விலக்கி, விளக்கம் கேட்டு, விசாரணைக்கும் ஆளனுப்பினார்கள். கூஃபாவின் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் மக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. எங்கும் புகழ்மொழியே எழுந்தது. பனூ அப்ஸ் குலத்தாரின் பள்ளியில் ஒருவர் மட்டும், ஸஅத் பங்கீட்டிலும் தீர்ப்பிலும் நீதி செய்வதில்லை என்றார். திறமையின்மைக்காகவோ மோசடிக்காகவோ ஸஅதை நீக்கவில்லை என்று உமர் (ரலி) தம் மரணத் தறுவாயில் அறிவித்தார்கள்.

இன்று நம் தர்மபுரி மாவட்டச் சிற்றூர்களில் இவ்வுரிமை எந்நிலையில் உள்ளது? 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சித் தலைவரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வாக்களித்துத் திரும்ப அழைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. சத்தீஸ்கரில் 2008இல் அத்தகைய வாக்கெடுப்பால் நகராட்சித் தலைவர்கள் பதவியிழந்தனர். நம் மாநிலத்திலோ, சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி, மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையொப்பமிட்டு மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கலாம். ஆட்சியர் தாமாகவும் நடவடிக்கை தொடங்கலாம். தலைவரின் விளக்கம் கேட்கப்படும். வட்டாட்சியர் கூட்டம் கூட்டி ஊராட்சியின் கருத்தைப் பதிவுசெய்வார். அதன் பின்னரே ஆட்சியர் முடிவெடுப்பார்.

வாக்காளர்க்கு எஞ்சியிருப்பவை கிராம சபையும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அளிக்கும் மனுவும். கிராம சபையில் வரவு செலவுக் கணக்கைக் கேட்பது நம் உரிமை. கேளாதிருந்துவிட்டுத் தேநீர்க் கடையில் பழிப்பது புறம்பேசுதலாகவே முடியும்.

மனுவில் இடும் கையொப்பம் ஒரு சாட்சியம். அநீதி கண்டவிடத்து அதனை மறைப்பதும், சாதி, உறவு, தேர்தல் பகை கருதிப் பொய்யாக இடுவதும் ஒருங்கே பாவமாகும். ஆகவே மனுவை நீட்டுபவர் யாரென்று பாராமல், அதில் எழுதியிருப்பது மெய்யா என்று முதலில் படித்துப் பார்ப்போம். மெய்யெனில் அஞ்சாது கையொப்பமிடுவோம். பொய்யெனில் உறவினரே கேட்டாலும் மறுப்போம். நீதிக்குச் சாட்சிகளாய் நிற்கும் உறுதியை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.