1554-ஆம் ஆண்டின் லிஸ்பன்: முதல் தமிழ் அச்சுநூல் வெளிவந்த நகரைத் தேடி

ஆய்வுச் சுருக்கம்

லிஸ்பன் நகரில் இன்று பயணிகள் காணும் பழமையின் பெரும்பகுதி 1755-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்தது. தமிழின் முதல் அச்சுநூலான 'கார்த்தில்யா' வெளிவந்த 1554-ஆம் ஆண்டின் நகரம் அதன் அடியிலும் இடுக்குகளிலும் சிதறிக் கிடக்கிறது. அதே ஆண்டில் வெளியான தமியான் தெ கோயிஸின் நகர வருணனையைத் துணையாகக் கொண்டு அந்நகரின் எச்சங்களை அடையாளங்காணவும், அவற்றின் பின்னணியில் கார்த்தில்யாவை மீண்டும் நோக்கவும் இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: லிஸ்பன், கார்த்தில்யா, தமியான் தெ கோயிஸ், 1755 நிலநடுக்கம், தமிழ் அச்சு வரலாறு

முன்னுரை

தமிழ் அச்சு வரலாற்றைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் ஒரே செய்தியுடன் தொடங்குகின்றன. போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜானின் ஆணைப்படி, 1554 பிப்ரவரி 11 அன்று, லிஸ்பனில் ஜெர்மாவ் கல்யார்த் என்பவரின் அச்சகத்தில், தமிழையும் போர்த்துக்கீசியத்தையும் இணைத்த சமயச் சிறுநூல் ஒன்று அச்சேறியது என்பதே அச்செய்தி. அதை அடுத்து வரலாறு கொல்லத்துக்குத் தாவிவிடுகிறது. 1578-இல் அண்டிறிக் அடிகளார் தமிழ் எழுத்துகளிலேயே அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பேசுபொருளாகிறது. இடையில் வந்த 'லிஸ்பனில்' என்ற சொல் வெறும் இடக்குறிப்பாக நின்றுபோகிறது. முதுகலை வகுப்பில் இப்பாடத்தைப் பயின்றபோது அந்நகரம் எப்படிப்பட்டது என்று எங்களில் எவரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்கத் தொடங்கியதும் எதிர்ப்படும் முதல் இடர், அந்நகரம் இன்று அதே இடத்தில் அதே வடிவில் இல்லை என்பதாகும். தேஜோ ஆற்றங்கரையில் உள்ள வணிகச் சதுக்கம், அதன் வடக்கே நேர்க்கோடாகச் செல்லும் தெருக்கள், அகுஸ்தா தெருவின் வளைவு வாயில் ஆகியவை லிஸ்பனின் அடையாளங்களாகப் படங்களில் இடம்பெறுகின்றன. இவற்றுள் ஒன்றையும் கல்யார்த் கண்டிருக்க இயலாது. வளைவு வாயில் நிறைவுற்றது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். சதுக்கத்தின் நடுவே குதிரைமீது வீற்றிருக்கும் முதலாம் ஜோசே மன்னரின் சிலை நிறுவப்பட்டது 1775-இல்.

கோயிஸ் எண்ணிய ஏழு கட்டடங்கள்

கார்த்தில்யா வெளிவந்த அதே 1554-ஆம் ஆண்டில், எவோரா நகரில், தமியான் தெ கோயிஸ் இலத்தீனில் எழுதிய லிஸ்பன் வருணனை அச்சானது. ஐரோப்பாவின் பல நாடுகளில் வாழ்ந்து திரும்பிய மனிதநேயப் புலமையாளர் அவர். அப்போது தோரெ தோ தொம்போ எனும் அரச ஆவணக் காப்பகத்தின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். நகரின் சிறப்புக்குச் சான்றாக அவர் ஏழு கட்டடங்களை எடுத்துரைக்கிறார்: மிசெரிகோர்தியா அறநிலையத் தேவாலயம், அனைத்துப் புனிதர் மருத்துவமனை, எஸ்தாவுஸ் அரண்மனை, பொதுத் தானியக் களஞ்சியம், சுங்கச்சாவடி, இந்திய வணிகத்தை ஆண்ட மாளிகை, படைக்கலச்சாலை. இன்றைய பயணக் கையேடுகள் தரும் பட்டியல்களின் முன்னோடி எனவும் இதனைக் கொள்ளலாம். ஆனால், இவ்வேழையும் தேடிச் செல்பவர் ஒன்றையும் முழுமையாகக் காண முடியாது.

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் நடுங்கியது. ஆற்றுவழியே ஆழிப்பேரலை புகுந்தது. விளக்குகளிலும் அடுப்புகளிலுமிருந்து பற்றிய தீ பல நாள்கள் எரிந்தது. ஆற்றங்கரை அரண்மனையும் அதன் நூலகமும் இந்திய வணிக மாளிகையும் அழிந்தன. இந்தியக் கடல்வழி வணிகத்தின் கணக்குகள் பலவும் அவற்றோடு மறைந்தன. நம் கடற்கரைகளைப் பற்றிய 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியச் சான்றுகளில் இன்று காணும் இடைவெளிகள் பலவற்றுக்கு அவ்வொரு வாரமும் காரணம் என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

காப்பகம் தப்பியது தனிக்கதை. அது இருந்த கோட்டைக் கோபுரம் இடிந்தது. எனினும் ஆவணங்கள் தீக்கு இரையாகவில்லை. அப்போது 78 வயதை எட்டியிருந்த மானுவேல் த மாயா காப்பகத் தலைவராகவும் நாட்டின் தலைமைப் பொறியாளராகவும் ஒருசேர இருந்தார். இடிபாடுகளிலிருந்து ஏடுகளை மீட்டுத் தற்காலிகக் கொட்டகையில் காத்தவர் அவரே. நகரை எவ்வாறு மீளக் கட்டலாம் என்ற திட்டங்களை முன்வைத்தவரும் அவரே. அவரது திட்டத்தை ஒட்டி எயுஜெனியோ தோஸ் சாந்தோஸும் கார்லோஸ் மார்தெலும் வகுத்த நேர்த்தெருக்கள்தாம் இன்றைய பைஷா பகுதி. அங்குள்ள கட்டடங்களின் சுவர்களுக்குள், நடுக்கம் தாங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்த மரச்சட்டக் கூடு ஒன்று மறைந்துள்ளது. அதற்குக் 'கூண்டு' என்பதே போர்த்துக்கீசியப் பெயர். பயணிகள் அச்சுவர்களில் சாய்ந்துநின்று படமெடுத்துக்கொள்கின்றனர்.

எஞ்சியவை

கோயிஸின் ஏழில் எஞ்சியவற்றுள் கண்ணுக்கு எளிதில் தென்படுவது மிசெரிகோர்தியாவின் பக்க வாயில் ஒன்றே. வணிகச் சதுக்கத்திலிருந்து கிழக்கே சில நிமிட நடையில், இன்று கொன்சைசாவ் வெல்யா என வழங்கும் தேவாலயத்தின் முகப்பாக அது நிற்கிறது. அரசரையும் திருத்தந்தையையும் தம் மேலாடையின்கீழ் ஒருசேர அணைத்து நிற்கும் மரியன்னையின் சிற்பம் அதன் மேல் உள்ளது. 1554-இல் அவ்வழியே சென்றவர்கள் கண்ட அதே கல் அது. அத்தெருவின் பெயர் 'சுங்கச்சாவடித் தெரு'. கோயிஸ் புகழ்ந்த சாவடி போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது.

மருத்துவமனை நிலத்துக்குள் இருக்கிறது. 1775-இல் இடிக்கப்பட்ட அதன் இடம் சந்தையாக மாறி, இன்று ஃபிகெய்ரா சதுக்கம் ஆகியுள்ளது. சுரங்க இரயில் பாதைக்காக 1960-இலும், வாகன நிறுத்தத்துக்காக அந்நூற்றாண்டின் இறுதியிலும் தோண்டியபோது அடித்தளங்கள் வெளிப்பட்டன.

எஸ்தாவுஸ் அரண்மனையின் வரலாறு இவற்றினும் கடுமையானது. அயல்நாட்டுத் தூதர்களைத் தங்கவைத்த அம்மாளிகை பின்னர்ச் சமய விசாரணை மன்றத்தின் இருப்பிடமாயிற்று. 1571-இல் அம்மன்றம் கோயிஸையே கைதுசெய்து விசாரித்தது. தாம் புகழ்ந்த கட்டடத்துக்கு உரியவர்களே அவரைத் தண்டித்தனர். அவ்விடத்தில் 1846 முதல் இரண்டாம் மரியா தேசிய நாடக அரங்கு நடைபெறுகிறது. அதன் அருகே சாவ் தொமிங்கோஸ் தேவாலயம். 1506-இல் கிறித்தவத்துக்கு மாற்றப்பட்டிருந்த யூதர்கள்மீதான படுகொலை தொடங்கியது இங்கேதான். முதலாம் மானுவேல் மன்னரின் வரலாற்றை எழுதியபோது கோயிஸ் அதை மறைக்காமல் பதிவுசெய்தார். ஆனால் அதற்கு அவ்விடத்தில் ஒரு நினைவுக்கல் எழ 2008 வரை ஆயிற்று.

பைஷாவின் அடியில் இன்னும் பழையதொரு லிஸ்பனும் உண்டு. 1771-இல் மறுகட்டுமானத்தின்போது வெள்ளித் தெருவுக்குக் கீழே உரோமானியர் காலத்து வளைவுக் கூடங்கள் வெளிப்பட்டன. நீர் நிறைந்திருப்பதால் நீரிறைத்து ஆண்டில் சில நாள்களே திறந்துவிடுகின்றனர். இக்கட்டுரையின் காலத்துக்கு அது தொடர்பில்லாததாயினும், ஒரு நகரத்தின் அடுக்குகளை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடங்கள் குறைவு என்பதால் குறிப்பிட நேர்ந்தது.

மனிதர்களை எண்ணியவர்

கோயிஸ் கட்டடங்களை எண்ணினார். அவர் காலத்திலேயே கிறிஸ்தோவாவ் ரொத்ரிகேஸ் தெ ஒலிவெய்ரா என்பவர் தெருக்களையும் தேவாலயங்களையும் தொழில்களையும் மனிதர்களையும் எண்ணினார். 1551-ஆம் ஆண்டுக்குரிய அவரது தொகுப்பு, ஏறத்தாழ 1,00,000 பேர் வாழ்ந்த நகரில் 9,950 பேர் அடிமைகள் என்கிறது. பத்தில் ஒருவர் விலைக்கு வாங்கப்பட்டவர். அத்தொகுப்பும் கல்யார்த்தின் அச்சகத்திலிருந்தே வெளிவந்தது என்பது நமக்கு முதன்மையான செய்தி. லிஸ்பனின் அடிமைகளைக் கணக்கிட்ட நூலும் தமிழ்ச் செபங்களைத் தாங்கிய நூலும் ஒரே அச்சுக்கூடத்தின் பணிகள்.

அந்நகரின் தெருக்காட்சி எப்படி இருந்தது என்பதற்கு அரியதொரு சான்று லிஸ்பனுக்கு வெளியே கிடைத்தது. இங்கிலாந்தின் கெல்ம்ஸ்காட் இல்லத்தில், ஓவியர் ரொசெட்டி 19-ஆம் நூற்றாண்டில் வாங்கிவைத்திருந்த, இரண்டாகப் பிரிக்கப்பட்ட ஓவியம் ஒன்று இருந்தது. அதில் உள்ளது லிஸ்பனின் புதிய வணிகர் தெரு என 2009-இல் ஆன்மரி ஜோர்தான் கிஷ்வெண்டும் கேட் லோவும் அடையாளங்கண்டனர். வணிகரும் கூலிகளும் நிறைந்த அத்தெருவில் கறுப்பின மக்கள் பலர் நடமாடுகின்றனர். நிலநடுக்கத்தில் அழிந்து, பைஷாவின் கீழ்ப் புதைந்த தெரு அது.

இத்தகைய நகரத்தில்தான் கார்த்தில்யாவை உருவாக்கிய தமிழர்கள் இயங்கினர். விசெந்தெ தெ நசரெத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குருஸ் என மூவர் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. மூன்றும் திருமுழுக்குப் பெயர்கள். தாய் தந்தையர் இட்ட தமிழ்ப் பெயர்களை நூல் தாங்கவில்லை. தமிழ் எழுத்து அச்சுகள் அந்நகரில் இல்லாததால், அவர்கள் தம் மொழியின் ஒலிகளை உரோமன் எழுத்தில் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. கறுப்பும் சிவப்புமாக அச்சான பக்கங்களில் வரிகளுக்கிடையே போர்த்துக்கீசியப் பொருள் அமைந்தது. இவ்வமைப்பைக் குறைபாடாக நோக்கித் தம்பிரான் வணக்கத்தையே உண்மையான தொடக்கமாகக் கொள்ளும் போக்கு நம்மிடையே உண்டு. ஆனால் இந்நூலின் பயனாளர் தமிழ் எழுத்து அறியாத போர்த்துக்கீசியர் என்று கொண்டால், உரோமன் எழுத்து இயல்பான தேர்வாகிறது. தமிழ் ஒலிகளை அயலவர் உச்சரிக்கும்படி எழுதிக்காட்டிய அம்மூவரின் பணி, மொழியியல் நோக்கில் தனி ஆய்வுக்கு உரியது. அச்சிட்டவர் பெயரையும் ஆணையிட்ட மன்னர் பெயரையும் தவறாது சொல்லும் நம் பாடநூல்கள், இம்மூவரைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

பெலேமில் ஒரு கூரையின்கீழ்

நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெலேம் பெரும் அழிவிலிருந்து தப்பியது. அன்று அரச குடும்பம் அங்கே இருந்ததால் உயிர்பிழைத்தது. 16-ஆம் நூற்றாண்டைக் காண விரும்புவோர் அனைவரும் அங்கே திரள்வதற்கு இத்தப்பித்தலே காரணம். ஆற்றோரக் கோபுரத்தின் காவல்மாடம் ஒன்றின் அடியில், 1515-இல் குசராத்திலிருந்து வந்திறங்கிய காண்டாமிருகத்தின் தலை செதுக்கப்பட்டுள்ளது. கடற்காற்றில் தேய்ந்த அச்சிற்பத்தை அறிந்து தேடுவோரே காண்பர்.

ஜெரோனிமோஸ் மடம், ஆப்பிரிக்க, கீழை நாட்டு வணிகத்தின்மீது விதித்த இருபதில் ஒரு பங்கு வரியால் எழுந்தது. அதன் தேவாலயத்துள் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524-இல் கொச்சியில் இறந்தவரின் எச்சங்கள் 1539-இல் போர்த்துக்கல்லுக்கும் 1880-இல் இம்மடத்துக்கும் கொண்டுவரப்பட்டன. இன்று காணும் கல்லறைச் சிற்பம் 1894-க்குரியது. பயணிகளின் கூட்டம் பெரும்பாலும் இங்கேயே தேங்குகிறது. உள்ளே சென்றால் கருவறைப் பகுதியில் மூன்றாம் ஜானின் கல்லறை இருக்கிறது. பளிங்கு யானைகள் அதைத் தாங்குகின்றன.

அதே மடத்தின் மேற்குச் சிறகில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் உள்ளது. அதுவே கார்த்தில்யாவின் எஞ்சிய ஒரே படியைக் காப்பது. 1950-களில் தனிநாயகம் அடிகள் 'தமிழ் கல்ச்சர்' இதழ்வழி அந்நூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த காலத்தில், அருங்காட்சியகத்துக்கு அதன் நிறுவனர் லெய்தெ தெ வஸ்கொன்செலோஸின் பெயரால் 'இனவியல் அருங்காட்சியகம்' என்ற பெயர் வழங்கியது. அக்காலக் குறிப்புகளைப் பின்பற்றும் தமிழ்க் கட்டுரைகள் பழைய பெயரையே இன்றும் எடுத்தாள்கின்றன. லிஸ்பனில் தேசிய இனவியல் அருங்காட்சியகம் எனப் பின்னர்த் தோன்றிய வேறொரு நிறுவனமும், பெலேமை அடுத்த ரெஸ்தேலோ பகுதியில், இயங்குகிறது. படியைக் காண விண்ணப்பிக்கும் ஆய்வாளர் மடலை மடத்தின் மேற்குச் சிறகுக்கு அனுப்ப வேண்டும், ரெஸ்தேலோவுக்கு அன்று.