சப்பாத்திக்கள்ளியும் சாயப்பூச்சியும்

(வானொலி உரை)



நம்ம வானூர் வட்டாரத்துச் செம்மண் காட்டிலே, முந்திரித் தோப்பு ஓரத்திலே, சவுக்குத் தோப்பு வேலியிலே சப்பாத்திக்கள்ளியைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அதன் பழத்தைத் தின்றுவிட்டுச் சிவந்த நாக்கோடு வீட்டுக்கு வந்து அகப்பட்டுக்கொண்ட பிள்ளைகளும் ஊருக்கு ஊர் உண்டு. அந்தக் கள்ளி மட்டையிலே சில சமயம் பஞ்சை ஒட்டி வைத்தாற்போல வெள்ளை வெள்ளையாக இருக்கும். ஒரு குச்சியாலே அதை வழித்து நசுக்கிப் பாருங்கள். ரத்தம் போலச் சிவப்பாக வரும்.

அந்தச் சிவப்புக்கு இருநூறு வருஷத்துக்கு மேலே சரித்திரம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் வேலிக் கள்ளி, தீவனக் கள்ளி, வீட்டுத் தொட்டியிலே வைக்கிற பூக்கள்ளி எதுவானாலும் அது சுகமாக இருக்கிறதா, சீக்காக இருக்கிறதா என்று நாமே பார்த்துச் சொல்லிவிடலாம்.

நம்ம கள்ளியும் வந்த கள்ளியும்

சதுரக்கள்ளி, இலைக்கள்ளி இதையெல்லாம் கிள்ளினால் பால் வரும். இவை ஆமணக்கு, மரவள்ளி குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளியைக் கிள்ளினால் பால் வராது, வழவழ என்று நீர்தான் வரும். பேர்தான் கள்ளியே தவிர, இது வேறு சாதி. இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். வெள்ளைக்காரர் கப்பல் வந்த காலத்துக்குப் பிறகு நம்ம நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

அங்கே மெக்சிகோ நாட்டிலே, சப்பாத்திக்கள்ளியைத் தோட்டம் போட்டு வளர்த்து, அதன்மேலே கோச்சினீல் என்கிற ஒரு பூச்சியை விட்டு வளர்ப்பார்கள். இறக்கையில்லாத பெண் பூச்சியைச் சுரண்டி எடுத்துக் காயவைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய 70,000 பூச்சி வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். அப்படியானால் விலை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வெகுகாலம் அந்த வியாபாரம் முழுக்க ஸ்பெயின் நாட்டுக்காரர் கையிலே இருந்தது. நம்ம கடற்கரையிலேயோ மணலிலே விளையும் சாயவேரைத் தோண்டித்தான் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள்.

சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டம்

ஸ்பெயின்காரர் லாபத்தைப் பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. சென்னையிலே கம்பெனியின் பெரிய வைத்தியராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். அவர் 1780களிலே இதில் இறங்கினார். சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் உண்டாக்கினார். கள்ளி தழைத்து வளர்ந்தது. ஆனால் பூச்சி இல்லை. மாடு வாங்காமல் கொட்டகை கட்டின கதைதான்.

1795ஆம் வருஷம் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவிலிருந்து பூச்சி ஒட்டின கள்ளியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். பூச்சியும் வேகமாகப் பெருகியது. ஆனால் வந்தது மெக்சிகோவின் உயர்ந்த ரகம் இல்லை, பிரேசில் காட்டிலே இருந்த வேறொரு இனம். அதன் உடம்பிலே பஞ்சு அதிகம், சாயம் மட்டம். வியாபாரம் எடுபடவில்லை. விதை ரகம் தெரியாமல் வாங்கி விதைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆச்சு.

பூச்சியே மருந்தானது

ஆனால் அந்தப் பூச்சி சும்மா இருக்கவில்லை. வடக்கே உயரமாக வளருகிற ஒரு வகைச் சப்பாத்தியை உறிஞ்சி உறிஞ்சிப் பட்டுப்போகச் செய்தது. சாயத்துக்கு உதவாத பூச்சி, களையை ஒழிக்க உதவும் என்று அப்போதுதான் புரிந்தது. 1836 முதல் 1838 வரைக்குள்ளே அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை ஒழிக்க வேண்டும் என்றே ஒரு நாட்டிலே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பூச்சியைக் கொண்டுபோய் விட்டதிலே, உலகத்திலேயே முதலில் பலித்தது இதுதான் என்று பூச்சியியல் நூல்களிலே எழுதியிருக்கிறார்கள். 1860களிலே இங்கிருந்து இலங்கைக்கும் அது போனது.

இதிலே ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். நம்ம பக்கத்திலே அதிகமாக இருப்பது குத்துக் குத்தாகப் படர்ந்து, மஞ்சள் முள்ளும் மஞ்சள் பூவுமாக இருக்கிற வேறொரு சப்பாத்தி. இதை அந்தப் பூச்சி சீந்தவே இல்லை. தின்பாரில்லாத இந்தக் கள்ளி புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், வண்டிப்பாட்டை என்று எங்கும் பரவியது. ஒரு மட்டை கீழே விழுந்தால் போதும், அதுவே வேர் பிடிக்கும். வெட்டிப் போட்டால் ஒன்று பத்தாகும்.

இதற்கு ஏற்ற வேறொரு சாயப்பூச்சியை 1926ஆம் வருஷம் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பூச்சி பிடித்த மட்டையைக் கொண்டுபோய் நல்ல புதரிலே வைப்பார்கள். குஞ்சுகள் ஊர்ந்தும் காற்றிலே பறந்தும் பக்கத்துப் புதருக்குப் போகும். மட்டை மஞ்சளாகி, வதங்கி, புதரே சரிந்துவிடும். சில வருஷத்திலே ஏராளமான நிலம் வெளியே தெரிந்தது. கோயமுத்தூரிலே பூச்சியியல் அறிஞராக இருந்த டி. வி. ராமகிருஷ்ண ஐயர் இந்தக் கள்ளிப் பூச்சிகளை ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார். அதே 1926இல் ஆஸ்திரேலியாவிலே அர்ஜென்டினாவிலிருந்து தருவித்த ஒரு அந்துப்பூச்சியின் புழுவை விட்டு, கோடிக்கணக்கான ஏக்கர் கள்ளிக்காட்டை அழித்தார்கள். அந்தப் பூச்சியின் பேராலே ஒரு மண்டபமே கட்டி வைத்திருக்கிறார்கள்.

மருந்தே நோயாகும் இடம்

இப்போது விஷயம் மறுபடி திரும்பியிருக்கிறது. வறட்சிக் காலத் தீவனத்துக்காக முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளியை வளர்க்கச் சொல்லி ஆராய்ச்சி நிலையங்கள் சிபாரிசு செய்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் வேலிக் கள்ளியை அழிக்க வந்த அதே பூச்சி, தீவனக் கள்ளியையும் விடாது. மொராக்கோ நாட்டிலே 2014க்குப் பிறகு இந்தப் பூச்சி பரவி, குடியானவர்கள் பழத்துக்கும் தீவனத்துக்கும் வைத்திருந்த கள்ளித் தோட்டங்களை ஊர் ஊராகக் காயவைத்துவிட்டது. ஆகவே நடுகிறவர்கள், பக்கத்து வேலியிலே வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு நடுங்கள்.

சுகமான மட்டை கெட்டியாக, பச்சையாக இருக்கும். கோடையிலே கொஞ்சம் சுருங்கினால் அது தாகம்தான், மழை பெய்தால் நிமிர்ந்துவிடும். அடிமட்டை வயசாகி மரம் போலப் பழுப்பாவதும் சீக்கு இல்லை. அடியிலே கறுத்து, கொழகொழத்து, நாற்றம் வந்தால் தண்ணீர் தேங்கிய அழுகல். வெள்ளைப் பஞ்சை நசுக்கிச் சிவப்பு வந்தால் சாயப்பூச்சி. இரண்டொரு மட்டையோடு இருக்கும்போதே தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதிகமானால் மட்டையை வெட்டிக் குழியிலே புதைத்துவிடுங்கள். வெட்டினதை வேலிக்கு அப்பால் வீசினால் பூச்சியும் பரவும், கள்ளியும் பரவும்.

வீட்டுத் தொட்டியிலே

சப்பாத்தியின் உறவு ஒன்று நம்ம வீட்டுத் திண்ணைக்கும் வருகிறது. நாற்றுப் பண்ணைகளிலே கிறிஸ்துமஸ் கள்ளி என்று விற்கிறார்கள். இதன் பூர்வீகமும் அந்தச் சாயப்பூச்சி கப்பலேறின ரியோ பக்கத்து மலைக்காடுகள்தான். அங்கே மரக்கிளை மேலேயும் பாறை இடுக்கிலேயும் நிழலிலே வளருகிறது. ஆகவே கள்ளிதானே என்று வெயிலிலே வைக்காதீர்கள். மட்டை சிவந்தால் வெயில் அதிகம் என்று அர்த்தம். தென்னைநார்க் கழிவு கலந்த, தண்ணீர் நிற்காத மண் போதும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் மட்டை தொய்ந்தால் வேர் அழுகுகிறது. அப்போது மேலும் தண்ணீர் விட்டால் செடி போய்விடும். ராத்திரி நீளுகிற பருவத்திலே, விளக்கு வெளிச்சம் படாமல் ஒன்றரை மாசம் நல்ல இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். மொட்டு வைத்தபின் இடம் மாற்றினால் உதிர்ந்துவிடும். மலைக் குளிர்ச்சிக்குப் பழகின செடியானபடியால் நம்ம கோடையிலே காப்பாற்றக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இதிலேயும் வெள்ளை வரும். நசுக்கினால் அந்த ரத்தச் சிவப்பு வராது. அது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டிலே நனைத்த பஞ்சாலே துடைத்தால் போதும்.

ஆக, வெள்ளையைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். கம்பெனிக்காரனுக்கு அது வியாபாரம். 1926இல் நிலம் இழந்தவனுக்கு அது மருந்து. தீவனக் கள்ளி வைத்தவனுக்கு அது நோய். பூச்சி எது, அது உட்கார்ந்திருக்கிற செடி எது என்று இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2008இல் கோயமுத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி என்று பரவினபோது மருந்து அடித்து அடித்து எத்தனை பேர் சலித்துப்போனோம்! அது இன்னது என்று இனம் கண்டு, அதற்கே உரிய சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது.

உங்கள் செடியிலே புதிதாக வெள்ளை ஏதாவது தென்பட்டால், பூச்சியோடு ஒரு துண்டை உறையிலே போட்டு வாய்கட்டி, வேளாண்மை விரிவாக்க அலுவலரிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.